கல்லுச்செடி என்று நான் வைத்த பெயர்

கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் லேப் அசிஸ்டென்ட். செம்பருத்தியைக் குறுக்கே அறுத்து வைப்பது, நுண்ணோக்கியைத் துடைப்பது, ஃபார்மலின் பாட்டில்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது, இவைதான் என் வேலை. பாடம் நடத்துவது என் வேலை இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். குடிவந்த புதிதில் ஒன்றிரண்டு பேரிடம் திருத்திச் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

கணவர் இறந்த பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். மகளுக்குச் சென்னையில் வேலை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால் மாடிக்குப் போய்ச் செடிகளைப் பார்ப்பேன். எங்கள் மாடியும் பக்கத்து வீட்டு மாடியும் ஒட்டினாற்போல இருக்கும். நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் துணி காயப்போட வருகிறவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுகிறாள்; எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வருவார். அவர் இல்லாத நாட்களில் அவளும் நானும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம். தெருவில் அவள் ஒருத்திதான் என்னை அக்கா என்று கூப்பிட்டவள்.

ஒரு மாசி மாதம் பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானல் போயிருந்தோம். சாலையோரம் செடி விற்ற ஒரு அம்மாளிடம் மூன்று சின்னச் செடிகள் வாங்கினேன். தரையோடு படர்கிற ஜாதி. விரல் நகத்தைவிடச் சிறிய இலைகள், உள்ளே தண்ணீர் கோத்தது மாதிரி தடித்து இருக்கும். மூன்றிலும் மஞ்சள் பூ. ஐந்து இதழ் விரித்து நட்சத்திரம் போல.

“மூணும் ஒண்ணுதானாம்மா?” என்று கேட்டேன்.

“வேற வேறதான். ஆனா எல்லாம் மஞ்சப் பூதான் பூக்கும்” என்றார் அந்த அம்மாள். என்ன வேறுபாடு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கரிசல் மண்ணில் வைத்தால் இந்த மாதிரிச் செடிகளின் வேர் அழுகிவிடும். குடித்த தண்ணீரை அந்த மண் லேசில் விடாது. அதனால் செங்கல் தூளும் மணலும் கலந்து மூன்று தொட்டிகளில் வைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. இரண்டே வாரத்தில் பூக்கள் உதிர்ந்தன. அதன்பிறகு எது எந்தச் செடி என்று எனக்கே தெரியவில்லை. மூன்றும் ஒரே பச்சை, ஒரே படர்வு. சீட்டு எழுதி ஒட்டுவதே வேலையாக இருக்கிறவள் அந்த மூன்று தொட்டிகளுக்கு ஒரு சீட்டு ஒட்டவில்லை. பெயர் தெரிந்தால்தானே ஒட்டுவதற்கு.

“இதுக்கு என்ன பேருக்கா?” என்று ஒருநாள் அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“இங்கிலீஷ்ல ஸ்டோன்கிராப்னு சொல்லுவாங்க. பாறை இடுக்குல, கல்லு மேல எல்லாம் மொளைக்குமாம். நாம கல்லுச்செடின்னு வச்சுக்கிடுவோம்.”

“கல்லுச்செடி” என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அதன் பிறகு, “ஒங்க கல்லுச்செடி வாடிக் கெடக்குக்கா” என்று எனக்கு முன்னாலேயே பார்த்துச் சொல்லுவாள்.

அந்தக் கோடையில் அவள் கணவருக்கு இடுப்பில் வலி வந்தது. லாரி ஓட்டுகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்த வேண்டாம் என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அவரும் அப்படித்தான். வலியில் தரையில் புரண்டார் என்று அவள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். நானும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனில் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கல் நிற்பது தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இரண்டு வாரத்தில் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும், இடையில் காய்ச்சலோ குளிரோ வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இதெல்லாம் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசித்துத் தமிழில் அவர்களுக்குச் சொன்னவள் நான்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் செல்போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

“யக்கா, இங்கன பாருங்களேன்.”

யாரோ ஒருவர் ஒரு குன்றின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தார். பாறையில் படர்ந்திருந்த ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். மஞ்சள் பூ. இதைப் பச்சையாக மோரில் அரைத்துக் குடித்தால் எப்பேர்ப்பட்ட கல்லும் கரைந்துவிடும் என்றார்.

“இது நம்ம கல்லுச்செடிதான?” என்று கேட்டாள்.

அவள் போனின் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். அந்த ஆளின் கையில் இருந்தது பச்சையாக, குட்டி இலையாக, மஞ்சளாக இருந்தது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் போனில் செடிகளை அடையாளம் சொல்கிற ஆப் ஒன்று இருந்தது. என் மூன்று தொட்டிகளையும் அதில் படம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் மூன்று பெயர் சொல்லும், சாயங்காலம் வேறு மூன்று சொல்லும். பள்ளி நூலகத்தில் தடித்த தாவர நூல் ஒன்று இருந்தது. ஒருநாள் பொறுத்துக்கொள், பார்த்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம்.

“அது மாதிரிதான் தெரியுது” என்றேன்.

“அப்பிடிச் சொல்லுங்க. பேருலயே கல்லு இருக்கேன்னு நெனச்சேன்.”

பெயர் நான் வைத்தது, அதற்கும் வயிற்றுக் கல்லுக்கும் சம்பந்தம் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சிரித்தேன்.

“தின்னா ஒண்ணும் செய்யாதுல்லக்கா?”

“ஒண்ணும் செய்யாது. சில நாட்டுல இத கீரை மாதிரியே தின்னுதாங்க.”

அது பொய் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வகையைப் பச்சையாக உண்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த வகை என் தொட்டியில் இருக்கிறதா என்றுதான் எனக்குத் தெரியாது. கத்தரியை எடுத்து ஒரு கைப்பிடி நறுக்கி அவள் நீட்டிய கிண்ணத்தில் போட்டேன். எந்தத் தொட்டியில் நறுக்கினேன் என்று கவனிக்கவில்லை. எது தழைத்துக் கிடந்ததோ அதில்.

ஐந்தாம் நாள் அவர் வலி நின்றுவிட்டது. அதிகம் பேசாத மனிதர், மறுநாள் தானே மாடிக்கு வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“டீச்சர், ஒங்க செடி வேலையக் காட்டிட்டு. நேத்துலேர்ந்து ஒரு நோவும் இல்ல.”

அன்று முழுவதும் எனக்கு மனசு நிறைந்து இருந்தது. பள்ளியில் இரண்டு டீச்சர்களிடம் சொன்னேன். தெருவுக்குள் செய்தி பரவி, கடைசி வீட்டுப் பெரியவரும் பால் ஊற்றும் அம்மாளும் வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் நறுக்கிக் கொடுத்தேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். வீடியோவில் கேட்டதைத்தான் சொன்னேன், ஆனால் சொன்ன விதம் டீச்சர் சொன்னது மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் முடிந்தது. துணி உதறிக்கொண்டிருந்தவளிடம், “ஸ்கேனுக்குப் போகலையாட்டி?” என்று கேட்டேன்.

“வலிதான் இல்லையேக்கா. லோடு ஒண்ணு இருக்குன்னு கூப்பிட்டுட்டாவ. போயிட்டு வந்து பாத்துக்கிடலாம்னு சொல்லுதாவ.”

“சரி” என்றேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்துச் சொன்ன எனக்குத் தெரியும், போகத்தான் வேண்டும் என்று. ஆனால் கல் கரைந்துவிட்டது என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். ஸ்கேன் எடுங்கள் என்று வற்புறுத்துவது என் செடியை நானே சந்தேகப்படுவது மாதிரி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த நடையை முடித்து அவர் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது, சாப்பாடு இறங்கவில்லை என்றார். வெயில் என்று நினைத்துக்கொண்டோம். அடுத்த லோடுக்கும் போனார். இலையை ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே கொண்டுபோனார்.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அவள் செருப்பு இல்லாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வடக்கேயிருந்து ஊருக்குள் வராமலே நாகர்கோவில் பக்கம் போன வண்டியைக் கயத்தாறில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டு இறங்கியவர், திரும்ப ஏற முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். டீக்கடைக்காரர் அவர் போனை வாங்கிக் கூப்பிட்டிருந்தார். ஒரு ஆட்டோ பிடித்துப் போனோம். பெஞ்சில் படுக்க வைத்து யாரோ சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அந்த வெயிலில் அவருக்குப் பல் கிட்டியது. தொட்டால் கொதித்தது.

“எத்தன நாளா காய்ச்ச?” என்று அவள் கேட்டாள்.

“நாலு நாளா விட்டு விட்டு வருது. மாத்திரை போட்டேன்” என்றார். அதற்கு மேல் பேச அவரால் முடியவில்லை.

ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த டாக்டர் இளவயதுக்காரர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

“ஏற்கெனவே கல்லுன்னு தெரியும்ல. ஏன் திரும்பப் போகல?”

“வலி நின்னுட்டு சார்” என்றாள் அவள்.

“கல்லு முழுசா அடைச்சுக்கிட்டா சில பேருக்கு வலி நின்னுரும்மா. மூத்திரம் எறங்காம உள்ளயே தேங்கி, இப்ப சீழ் பிடிச்சிருக்கு. வேற என்ன மருந்து குடுத்தீங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, “கல்லுச்செடி” என்றாள்.

“அது என்ன செடி?”

நான் முன்னால் போய் நின்றேன். “ஸ்டோன்கிராப் சார். சீடம்னு ஒரு பேரினம். அதுல ஒரு வகைன்னு நெனைக்கேன்.”

“நெனைக்கீங்களா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “அந்தக் குடும்பத்துல இதயத்தப் பாதிக்கிற செடியும் இருக்கு. நாடி வேற சரியில்ல. எதத் தின்னாருன்னு தெரிஞ்சா நல்லது. நீங்க டீச்சரா?”

“லேப் அசிஸ்டென்ட்” என்றேன். அவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கு வந்து மாடிக்கு ஏறினேன். மூன்று தொட்டிகளும் ஒன்றுபோல இருந்தன. மூன்றிலும் நறுக்கிய தடம் இருந்தது. கடைசி வீட்டுப் பெரியவருக்கு எதில் கொடுத்தேன், பால்கார அம்மாளுக்கு எதில் கொடுத்தேன், இவருக்கு முதலில் எதில் கொடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மூன்றிலிருந்தும் ஒவ்வொரு கொத்து எடுத்து, வெவ்வேறு நிற நூல் கட்டி, அந்தந்தத் தொட்டியிலும் அதே நூலைக் கட்டிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தாவரவியல் பேராசிரியர் இருந்தார். ஓய்வுபெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கொத்துகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒரு கணுவுல எத்தன எலைன்னு எண்ணிப் பாத்தியாம்மா?”

நான் எண்ணியது இல்லை. அவர் எண்ணினார். சிவப்பு நூல் கட்டியதில் கணுவுக்கு நான்கு, சிலவற்றில் ஐந்து. வெள்ளை நூலில் மூன்று மூன்று, ஊசி போல ஒடுங்கிய இலை. மஞ்சள் நூலிலும் மூன்றுதான், ஆனால் இலை கொஞ்சம் அகலம். முதல் இரண்டுக்கும் அவர் பெயர் சொன்னார். மூன்றாவதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பூத்தாத்தான் சொல்ல முடியும். வெயில்ல வளந்தது ஒரு மாதிரி இருக்கும், நெழல்ல வளந்தது ஒரு மாதிரி இருக்கும். எலைய மட்டும் நம்பக் கூடாது. ஆனா மூணும் சீடம்தான். நீ பயப்படுத அந்த வெஷச்செடி இது இல்ல. அதுக்கு நாலு இதழ், குழாய் மாதிரிப் பூ.”

“கல்லுக்கு இது...”

“இதுல மருந்தும் இல்லம்மா. ஒண்ணும் இல்ல இதுல.”

டாக்டரிடம் போய் அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நாடி தடுமாறியது காய்ச்சலாலும் சீழாலும்தான் என்று பிறகு சொன்னார்கள். குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். பத்து நாள் பார்த்தார்கள். அந்தச் சிறுநீரகம் செத்துவிட்டது என்று எடுத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் நான் தினமும் பள்ளி விட்டதும் திருநெல்வேலிக்குப் போனேன். அவள் என்னைப் போ என்று சொல்லவில்லை. கொண்டுபோன சாப்பாட்டை வாங்கிக்கொள்வாள், டிபன் கேரியரைக் கழுவித் திருப்பித் தருவாள். ஒருநாள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்:

“ஒங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அவியள இழுத்துட்டுப் போயாவது காட்டிருப்பேன்லக்கா?”

உள்ளே நர்ஸ் கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் நான் செடி கொடுத்த வீடுகளுக்குப் போனேன். பால்கார அம்மாள் உடனே எடுத்துக் குப்பையில் போட்டார். கடைசி வீட்டுப் பெரியவர் கேட்கவில்லை.

“எனக்கு அதுலதான் சொகமா இருக்கு டீச்சர். அந்த டிரைவர் குடிக்குத ஆளு, அவன் சங்கதி வேற.”

“அவர் குடிக்க மாட்டார் அண்ணாச்சி. நான் சொன்னதுதான் தப்பு. எனக்கு அந்தச் செடி என்னன்னே தெரியாது.”

“ஒங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்” என்று சிரித்தார். வாசலில் ஒரு உடைந்த வாளியில் என் செடி தழைத்திருந்தது. நான் பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அவருக்குக் கல் இருந்ததா இல்லையா என்றுகூட யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேல் என்ன செய்ய என்று தெரியவில்லை.

நெடுந்தூரம் வண்டி ஓட்டக் கூடாது என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு இடைசெவலில் அவருடைய அண்ணன் வீட்டுப் பக்கம் போவதென்று முடிவாயிற்று. அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. உளுந்தும் பருத்தியும் போடுகிறவர். ஐப்பசியில், மழைக்கு முன்னால், ஒரு டெம்போவில் சாமான் ஏற்றினார்கள். நான் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஏறும்போது அவள், “வாரேங்க்கா” என்றாள். அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மஞ்சள் நூல் கட்டிய தொட்டி, பேராசிரியரால் பெயர் சொல்ல முடியாதது, அழுகிப்போயிற்று. தொட்டால் தண்டு கூழாக வந்தது. கிள்ளி வைத்துப் பார்த்தேன், பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் தை கடைசியில் பூத்தன. பள்ளியிலிருந்து கைலென்ஸ் கொண்டுவந்து மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். இதழ்களை எண்ணினேன், மகரந்தத் தாள்களை எண்ணினேன், இலையடியைப் பார்த்தேன். நூலில் இருந்த விவரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பேராசிரியர் சொன்ன இரண்டு பெயரும் சரிதான். சீட்டு எழுதி ஒட்டினேன். எழுதி முடித்ததும் எனக்கு எந்தத் திருப்தியும் வரவில்லை. பக்கத்து மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் தகரக் கூரை போட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது இப்போது.

பங்குனியில் கயத்தாறுக்கு ஒரு துட்டி வீட்டில் துக்கம் கேட்கப் போக பஸ் ஏறினேன். நடுவில் ஒரு ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஒரு பை. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு இடம் கொடுத்தாள்.

“அவருக்கு எப்படி இருக்கு?”

“இருக்காவ. வெயில்ல நிக்க முடியல. அவிய அண்ணன் களை பறிக்க என்னய மட்டும் கூப்பிடுவாவ. இவியள வீட்டுலயே இருக்கச் சொல்லிருவாவ. அதான் அவியளுக்குத் தாங்கல.”

வெளியே பருத்தி எடுத்து முடிந்த காடுகள் வெடித்துக் கிடந்தன.

“அந்தச் செடிக்குப் பேரு தெரிஞ்சுதா?” என்று அவளே கேட்டாள்.

“ரெண்டுக்குத் தெரிஞ்சுது. மூணாவது பூக்காமலே செத்துப்போச்சு.”

“அவிய தின்னது எது?”

“தெரியலட்டி.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இடைசெவல் வரப்போகிறது என்று கண்டக்டர் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கம்பியைப் பிடித்தபடி குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்:

“எனக்கு ஒங்க மேல கோவம் இல்லக்கா. ஒங்களப் பாக்க வரணும்னுதான் நெனைக்கேன். ஆனா நீங்க வீட்டுக்கு வந்துராதீங்க. போன மாசம் யாரோ ஒரு டீச்சர் தெருவுல போனாவ. நீங்கன்னு நெனச்சு, அவிய எந்திரிச்சு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாவ.”

“வரல” என்றேன்.

பஸ் நின்றது. அவள் இறங்கி, சாலையைக் கடப்பதற்காக பஸ் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.